கப்பலுக்குக் கழுவின வண்டி

மகள் அனுப்பின காகிதத்தை முதல் தடவை படிச்சப்ப எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. கப்பல்ல வர்ற ஸ்கூட்டர்ல மண்ணு இருக்கக் கூடாது. விதை இருக்கக் கூடாது. வைக்கோல், புல்லு, பூ, பூச்சிக்கூடு, மாட்டு முடி, சாணி எதுவும் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. இருந்தா அந்த நாட்டுத் துறைமுகத்துலயே நிறுத்தித் திருப்பி அனுப்பிருவாங்க, இல்லாட்டி நொறுக்கிப் போட்டுருவாங்க. அஞ்சு மாடு கட்டுன ஊட்டுல பதினோரு வருஷம் ஓடுன வண்டிக்கு இந்தச் சட்டம்! "ஏஞ்சாமி, இந்த வண்டிய அனுப்பச் சொல்றாங்களா, இல்ல புதுசா ஒண்ணு செஞ்சு அனுப்பச் சொல்றாங்களா?"ன்னு போன்லயே கேட்டேன்.

அவ சிரிக்கல. "அம்மா, வண்டி வந்தாத்தான் நான் வருவேன்னு சொன்னது நீதான"ன்னா.

சொன்னேன். இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

எனக்கு வலது கால் சூம்பின கால். ரெண்டு வயசுல போலியோ வந்து அப்படி ஆச்சு. கேரள எல்லையோரத்து மீனாட்சிபுரத்துலயே பொறந்து, மீனாட்சிபுரத்துலயே வாக்கப்பட்டு, பால் சொசைட்டியில பால் பரிசோதிக்கற வேலையில இருபத்தெட்டு வருஷம் உக்காந்திருந்தவ நான். நாப்பத்தேழு வயசு வரைக்கும் எங்க போறதுன்னாலும் யாராவது கூட்டிட்டுப் போகோணும். பெரும்பாலும் எங்க ஊட்டுக்காரரு வண்டிக்குப் பின்னால ஒருச்சாய்ச்சு உக்காந்து போவேன். அதுக்கு அவரு ஒரு நாளும் மூஞ்சி சுளிச்சதில்ல, பொய் சொன்னா என் வாய் அழுகிப் போகும். ஆனா அவரு கறவை முடிக்கோணும், தீவனம் கலக்கி வெக்கோணும், குளிக்கோணும், அப்புறந்தான் கெளம்ப முடியும். நான் சேலை கட்டி, பூ வெச்சு, கதவோரத்துல உக்காந்திருப்பேன். என் ஆயுசுல பாதி அப்படி உக்காந்தே போச்சு.

அப்புறம்தான் சைடு வீல் வெச்ச இந்த ஸ்கூட்டர் வந்துச்சு. ஓட்டிப் பழகி முதன்முதலாத் தனியாப் போன அன்னைக்கு யாருகிட்டயும் சொல்லல. எல்லையத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கற முதல் டீக்கடையில, வண்டியில உக்காந்தபடியே ஒரு டீ வாங்கிக் குடிச்சேன். ஊட்டுல டீ இல்லாமலா? நானாப் போயி நானா வாங்கின டீ அது. பாதி டீயில அழுகை வந்துருச்சு. கடைக்காரரு பதறிப் போயி, "சக்கரை பத்தலைங்களாக்கா?"ன்னு கேட்டாரு.

அதுக்கப்பறம் என்னை யாரு புடிக்க முடியும்? காலையில கேரளா, மத்தியானம் பொள்ளாச்சி, பொழுதோட மறுபடி கேரளா. எல்லையில பால் வண்டிய நிறுத்திச் சோதிப்பாங்க; என்னை ஒருத்தரும் நிறுத்தினதில்ல. "எங்க புள்ள போய்ட்டு வர்றே?"ன்னு ஊட்டுக்காரரு கேட்டா, "சும்மா"ன்னு சொல்லுவேன். அந்தச் சும்மாவுல இருக்கற சொகம் நடக்கறவங்களுக்குத் தெரியாது.

எங்களுக்கு ஒரே மக. கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவ, ஆடும் மாடும் மேயற ஒரு தீவு நாட்டுல இருக்கறா. தலைப்பிள்ளை உண்டானதும், ரெண்டு பேரும் ஒரேயடியா வந்துருங்கன்னு சொல்லி, எங்க விசாக் கடுதாசியெல்லாம் முடிச்சு வெச்சுட்டா. அவ ஊட்டச் சுத்திப் போன்ல படம் புடிச்சுக் காட்டுவா. அழகான ஊருதான், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா கடைக்கு மூணு கிலோமீட்டரு. பஸ் நிக்கற எடம் மேட்டுமேல. மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருவாங்க. அந்தப் படத்துக்குள்ள நான் எங்க இருப்பேன்னு எனக்கு ஒடனே தெரிஞ்சு போச்சு. கதவோரத்துல.

அங்க என்னை மாதிரி ஆளுகளுக்குக் காரைத்தான் மாத்திக் கட்டித் தருவாங்களாம். டாக்டர் சீட்டு, பரீட்சை, வரிசைன்னு ரெண்டு வருஷமாவது ஆகுமாம். கால் சரியில்லாதவங்க, தாங்க ஓட்டிப் பழகின, தங்க பேர்லயே இருக்கற வண்டியக் கொண்டு வந்தா மட்டும் ஒரு சலுகை உண்டுன்னு மக விசாரிச்சுச் சொன்னா. அதைப் புடிச்சுக்கிட்டேன் நான்.

ஆர்.டி.ஓ. ஆபீசுல தடையில்லாச் சான்று கேட்கப் போனேன். கவுன்டர்ல இருந்தவரு என் மனுவ ரெண்டு தடவ படிச்சுட்டு, ஜன்னல் வழியா வெளியில நிக்கற வண்டியப் பாத்தாரு. "சேச்சி, அவிடெ வண்டி கிட்டில்லே?"ன்னாரு, அங்க வண்டி கெடைக்காதான்னு. "வண்டி கிட்டும் சாரே, என் வண்டி கிட்டாது"ன்னேன். மனுசன் சிரிச்சுட்டு சீல் வெச்சுக் குடுத்துட்டாரு. காகித வேலை அத்தனையும் சேர்ந்துகூட அந்தக் கழுவற வேலையில பாதி கஷ்டம் குடுக்கல.

சைடு வீல் மாட்டிக் குடுத்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக் பாயையே ஊட்டுக்கு வரச் சொன்னோம். வண்டிய அக்கு அக்காக் கழட்டிச் சாக்குமேல பரப்பினாரு. ஐயோ, மானம் போச்சு. சீட்டுக்கடியில பருத்திக்கொட்டை. காலு வெக்கற எடத்து ரப்பருக்குள்ள புளியங்கொட்டை ரெண்டு, காஞ்சு போன மல்லிப்பூ, வைக்கோல் துணுக்கு. ஹெட்லைட்டுக்குள்ள குளவி மண்கூடே கட்டிக் குடும்பம் நடத்தியிருக்குது. "அக்கா, இதுல வெவசாயமே பண்ணலாம்"னாரு பாயி. "பண்ணுங்க, வெளைஞ்சதுல பாதி எனக்கு"ன்னேன்.

எங்க ஊட்டுக்காரருக்கு மொதல்ல கோவம். "நம்ம மண்ணு அவங்களுக்கு என்ன பண்ணுச்சாம்? இத்தனை எகத்தாளம் ஆகாது"ன்னு மொணமொணன்னுட்டே இருந்தாரு. ஒரு நாள் மககிட்டயே கேட்டாரு. "அப்பா, இங்க மாட்டுக்குக் கோமாரியே கெடையாது. மண்ணுல, சாணியில ஒட்டிட்டு வந்துரக் கூடாதுன்னுதான் பாக்கறாங்க"ன்னா அவ.

அவரு போனை எங்கிட்டக் குடுத்துட்டு மாட்டுக் கட்டுத்தரைக்குப் போயிட்டாரு. முன்னொரு தடவை கோமாரி வந்து எங்க ரெண்டு மாடு செத்துப்போச்சு. வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் ஒழுகி, குளம்பு வெடிச்சு நிக்க முடியாம, கன்னைப் பால் குடிக்கக்கூட விடாம ஒதைச்சுதுக. நாலு நாள் அவரு சோறு திங்கல. அந்த நாலு நாளும் அவருகூட நானும் பட்டினி.

அன்னைக்குப் பொழுதோட ஒரு பழைய பல்லு வெளக்கற பிரஷ்ஷை எடுத்துட்டு வந்து வண்டிக்கு முன்னால குத்த வெச்சு உக்காந்தவருதான். ஒம்போது நாள். நட்டுக்கு இடுக்கு, ஒயருக்கு இடுக்கு, டயர்ப் பட்டை ஒவ்வொண்ணும். பாயே, "போதுமுங்க, புது வண்டிகூட இப்படி இருக்காது"ன்னு சொல்லிட்டாரு. "அந்த ஊரு மாடு என்னங்க பாவம் பண்ணுச்சு"ன்னு சொல்லிட்டுத் தேய்ச்சாரு இவரு.

கழுவின வண்டிய வெளிய வெக்க முடியுமா? எங்க படுக்கையறையில பிளாஸ்டிக் விரிச்சு, அதுமேல நிறுத்தினோம். நாங்க ரெண்டு பேரும் கூடத்துல பாய் விரிச்சுப் படுத்தோம். "கட்டிலு அதுக்கு, தரை நமக்கு, நல்ல சம்சாரம்"னு நான் நக்கலடிச்சேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு சங்கடம். மூணு வாரம் வண்டியத் தொடக் கூடாது. மறுபடியும் சேலை கட்டிட்டுக் கதவோரத்துல உக்காந்தேன். பதினோரு வருஷத்துல மறந்து போன உக்காரல் அது. மூணு வாரமே இப்படி மூச்சு முட்டுதே, அங்க காலம் முச்சூடும் எப்படின்னு நெனச்சு நெனச்சு, வண்டி போயிச் சேரோணும்னு வேண்டாத சாமியில்ல.

கப்பல் கம்பெனி ஆபீசரு கொச்சியில இருந்து ஆளுகளோட வந்து, வாசல்லயே வெச்சுப் பாத்து, சரியா இருந்தா அங்கயே மரப்பெட்டி அடிச்சு எடுத்துட்டுப் போறதா ஏற்பாடு. எங்க டிக்கெட்டு அதுக்கு எட்டு நாள் கழிச்சு.

இங்க ஒண்ணு சொல்லோணும். எங்க ஊட்டுல வாசல் தெளிக்கறது அவருதான். கல்யாணமான மறுநாளு, நான் கால இழுத்துட்டுச் சாணி கரைக்கப் போனப்ப, வாளிய வாங்கிட்டாரு. முப்பத்திரண்டு வருஷமா வெடியால எந்திரிச்சு, சாணி கரைச்சு, வாசல் தெளிச்சு, கோலப்பொடி கிண்ணத்தை என் கையில குடுப்பாரு. பொம்பளை வேலைய ஆம்பளை செய்யறான்னு பேசாத வாயில்ல. அவரு காதுலயே வாங்கினதில்ல.

அன்னைக்கும் எந்திரிச்சாரு. ஆபீசரு வர்ற நாளு, வண்டி ஊட்ட விட்டுப் போற நாளு, வாசல் சுத்தமா இருக்கோணும்னு நெனச்சுருக்காரு. பொங்கல் நோம்பிக்குத் தெளிக்கற மாதிரி கெட்டியாக் கரைச்சு, பச்சைப் பசேல்னு தெளிச்சு, சீமாறு போட்டு இழுத்து விட்டுட்டு, உள்ள வந்து வண்டியப் பூ மாதிரி உருட்டிட்டுப் போயி, நட்ட நடு வாசல்ல நிறுத்திட்டாரு.

நான் பல்லு வெளக்கிட்டு வெளிய வந்து பாக்கறேன். நாலு சக்கரத்துலயும், பட்டைக்குப் பட்டை, பச்சைச் சாணி.

என் சத்தம் எல்லைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அவரு குனிஞ்சு பாத்தாரு, அப்பத்தான் அவருக்கே தெரிஞ்சுது. மூஞ்சில ஈயாடல. ஒம்போது நாள் பிரஷ் புடிச்ச மனுசன்! எங்களுக்குச் சுத்தம்னா சாணி, அவங்களுக்கு அழுக்குன்னா சாணி. அதை நின்னு யோசிக்கற நெதானம் எனக்கு அப்ப இல்ல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

"வேணும்னேதான் பண்ணுனீங்க. நான் தனியாப் போறது உங்களுக்கு எப்பவும் புடிக்காது. உங்க முதுகுக்குப் பின்னாலயே நான் உக்காந்திருக்கோணும் உங்களுக்கு!"

முப்பத்திரண்டு வருஷத்துல அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவரு ஓஸ் பைப்பை இழுத்துட்டு வந்தாரு, தண்ணி அடிச்சாரு, வண்டிய சிமென்ட் தளத்துக்கு ஏத்தினாரு, பிரஷ்ஷை எடுத்தாரு. நானும் ஒரு முக்காலியப் போட்டு உக்காந்து இன்னொரு பிரஷ்ஷால தேய்ச்சேன். ஒரு மணி நேரம். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல.

ஆபீசரு வந்தாரு. மரியாதையான மலையாளத்துப் பையன்தான், ஆனா வேலையில கெட்டி. டார்ச்சு அடிச்சு, கம்பு நுனியில கண்ணாடி கட்டி அடியில விட்டுப் பாத்தாரு. வெள்ளைத் துணியால அங்கங்க தொடைச்சாரு. டயரையும் தொடைச்சாரு. துணி வெள்ளையாவே இருந்துச்சு. "சூப்பர் சேச்சி, இத்தனை சுத்தமா நான் பாத்ததே இல்ல"ன்னு சொல்லிட்டுப் பேனாவ எடுத்தாரு.

எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. அந்தச் சந்தோசத்துல ஊட்டுக்காரரப் பாத்தேன். அவரு தென்னைமரத்தோரமா, துண்டை ரெண்டு கையிலயும் முறுக்கிட்டு, கட்டுத்தரையப் பாத்தபடி நின்னாரு. மாட்ட எல்லாம் குடுத்தது போக, அவரு தம்பி ஊட்டுக்கு அனுப்பறதுக்காக ஒண்ணு மட்டும் மிச்சம் நின்னுச்சு. அவரு மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? கழுவினது கழுவினதுதான், ஆனா ஏதோ ஒரு பட்டை இடுக்குல, கண்ணாடிக்கும் தெரியாம ஒரு பொட்டு இருந்துட்டா? முன்பின் பாக்காத எவன் கட்டுத்தரையிலயோ குளம்பு வெடிச்சு நிக்கற மாடு அவரு கண்ணுக்குத் தெரியுது. வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லல. எனக்காகச் சொல்லல. சாகற வரைக்கும் அதைச் சொமக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு நின்னாரு அந்த மனுசன். அவரப் போயி வேணும்னே பண்ணுனீங்கன்னு சொன்னவ நான்.

இன்னொண்ணும் இருக்குது. கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்ச பாலைக் கருவி வெச்சுப் பாத்து, ஒறவுக்காரங்கன்னுகூடப் பாக்காம எத்தனை கேன் திருப்பி அனுப்பியிருக்கேன். இப்ப என் வண்டின்னதும் கண்ண மூடிக்கறதா?

"சாரே, சித்த நில்லுங்க"ன்னேன். காலையில நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னேன். வேண்டாம், நிறுத்துன்னு ஊட்டுக்காரரு கையக் காட்டினாரு. நான் நிறுத்தல.

ஆபீசரு பேனாவ மூடிட்டாரு. "எந்தினா சேச்சி இது பறஞ்ஞது?"ன்னு, ஏன் சொன்னீங்கன்னு வருத்தமாத்தான் கேட்டாரு. அப்புறம் வேலையப் பேசினாரு. நாலு டயரும் புதுசா மாத்தோணும். அடிப்பக்கம் மறுபடி கழட்டி மருந்துத் தண்ணியில கழுவோணும். மாடு இல்லாத எடத்துல வெக்கோணும். அடுத்த கப்பல் ஒன்றரை மாசம் கழிச்சு. பெட்டி மூடறப்ப சொந்தக்காரங்க நேர்ல நின்னு கையெழுத்துப் போடோணும். சொந்தக்காரி நான்.

மகளுக்கோ நாள் நெருங்கிட்டு இருந்துச்சு. மருமகனுக்கு ராத்திரி வேலை. யாராவது ஒருத்தர் போயே ஆகோணும்.

"நீங்க போங்க"ன்னேன்.

"நானா? பிரசவத்துக்கு ஆம்பளை போயி என்ன பண்ண?"

"எத்தனை கன்னு புடிச்சிருக்கீங்க. உங்களுக்கு மேல ஆளு வேணுமாக்கும். பூண்டுக் குழம்பு என்னைவிட நல்லா வெப்பீங்க, போங்க."

ரொம்ப நாளைக்கப்பறம் சிரிச்சாரு. ஒடனே மூஞ்சி மாறிப் போச்சு. "நீ தனியா எப்படி இருப்பே, வண்டியும் இல்லாம?"ன்னாரு. "இருப்பேன். காலையில நான் சொன்னது தப்புங்க"ன்னேன். "அதை விடு"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.

பொள்ளாச்சி தாண்டி அந்தப் பக்கம் அதிகம் போகாதவரு, கோயமுத்தூர்ல ஏறி, ரெண்டு விமானம் மாறிப் போய்ச் சேந்தாரு. பத்தாம் நாள் பேத்தி பொறந்தா. நான் ஒர்க்‌ஷாப்புல பாய் பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்து, புது டயரு மாட்டறதையும் அடியில கழுவறதையும் கண்ணு கொட்டாமப் பாத்தேன். அங்க போகவும் வரவும் பக்கத்து ஊட்டு ஆட்டோவுக்குக் காத்திருந்தேன். அழுகை வந்தா அழுதேன், யாரு பாக்கறாங்க.

ஒன்றரை மாசம் கழிச்சு அதே ஆபீசரு வந்தாரு. துணி வெள்ளையா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன். பெட்டிக்கு ஆணி அடிக்கற ஒவ்வொரு அடியும் என் நெஞ்சுல விழுந்துச்சு, ஆனா நல்ல அடி.

அன்னைக்கே அவருக்குப் போன் போட்டு, வண்டி கெளம்பிருச்சுங்கன்னு சொன்னேன். "அப்பாடா"ன்னாரு. அப்புறம் சரசரன்னு ஒரு காகிதம் பிரிக்கற சத்தம் கேட்டுச்சு.

"இரு, எழுதி வெச்சிருக்கேன்"ன்னு படிக்க ஆரம்பிச்சாரு. ஊட்டுல இருந்து கடைக்கு ரெண்டு வழி இருக்குதாம். குழந்தை தூங்கற நேரத்துல தினமும் ரெண்டையும் நடந்து பாத்திருக்காரு. மேட்டு வழி ஆகாது, சைடு வீல் ஒரு பக்கம் தூக்கும். ஆத்தோர வழி சுத்து, ஆனா சமதளம். மூணு எடத்துல சிக்னல் விளக்குக்கு நிக்கோணும். கடை வாசல்ல படியில்லாத கதவு இடது பக்கம். அதுக்குப் பக்கத்துலயே வண்டி நிறுத்த எடம் இருக்குது, அங்க நிறுத்தலாமான்னு மகளை ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லி, கடைக்காரங்ககிட்டக் காட்டிக் கேட்டுட்டாரு. நிறுத்தலாம்னு சொல்லிட்டாங்களாம்.

இங்கிலீசுல ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுசன், குளிர்ல கம்பளித் தொப்பி போட்டுட்டு, தினமும் ஆறு கிலோமீட்டருக்கு மேல நடந்திருக்காரு. கேக்கக் கேக்க எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிட்டு வந்துச்சு.

"எல்லாம் எதுக்குங்க இப்ப? நான் வந்தப்பறம் ரெண்டு பேருமாப் போயிப் பாத்துக்கலாமில்ல?"ன்னேன்.

"இல்ல புள்ள"ன்னாரு. "வண்டி வந்த அன்னைக்கு நீ தனியாப் போகோணும். நான் ஊட்டுலதான் இருப்பேன்."